அமாவாசை அன்று ஓடிய தறி

என் செல்ல அக்கா,

நீ பாதியில் விட்டுப் போன அந்தத் துப்பறியும் நாவலைப் போன அமாவாசை அன்று படித்து முடித்தேன். குற்றவாளி யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி அத்தியாயத்தை முதலில் படித்து, அதை எனக்கும் சொல்லித் தொலைத்துவிட்டுத்தானே நீ முதல் பக்கத்துக்கே போவாய்! இந்தப் புத்தகத்தின் முடிவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாய். சண்டை போட மனசு வரவில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது யாராவது வந்து ஒரு கதையைக் கெடுக்க மாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கிறது.

அந்த நாவலில், சின்ன வயசில் நடந்த ஏதோ ஒன்றை அடியோடு மறந்துபோன ஒருத்தி, பூட்டிக் கிடக்கும் குடும்ப வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். ஒவ்வொரு அறையாகத் திறக்க, ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. உள்ளே நடப்பது குழந்தைக்குக் கேட்கக் கூடாது என்று அன்றைக்கு யாரோ ரேடியோவை அலறவிட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. அமாவாசையில் நெய்யக் கூடாது என்பதால் நம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியும் ஓடவில்லை, தெருவே கம்மென்று கிடந்தது. ஆனால் என் காதுக்குள் நம் வீட்டுத் தறி ஓட ஆரம்பித்தது அக்கா.

நம் தம்பி பிறந்து அன்றைக்கே போய்விட்டான் என்பது எனக்குத் தெரியும். அமாவாசையில் நீ தறி போட்டதால்தான் போனான் என்று அம்மா நம்பியதும் தெரியும். தறியில் புதுப் பாவு நூல் பிணைக்கிற நாளில், நீ பக்கத்தில் இருந்தால் ஆகாது என்று உன்னை மட்டும் கடைக்கு அனுப்பிவிடுவாள். "பாவு பிணைச்சாச்சா? நான் உள்ள வரலாமா?" என்று வாசலில் நின்று நீ சிரித்துக்கொண்டே கேட்பாய். அந்த அமாவாசையில் ஏன் தறி போட்டாய் என்று நான் கேட்டபோதெல்லாம் "சும்மா வெளையாட்டுக்குடி" என்பாய். நானும் நம்பிவிட்டேன்.

விளையாட்டு இல்லை. எனக்கு இப்போது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அப்பா குளத்தில் முழுக்குப் போடத் திருப்புட்குழிக் கோயிலுக்குப் போயிருந்தார். பின்கட்டு அறையில் அம்மாவும் மருத்துவச்சியும். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டு வரச் சொன்னார்கள். அந்த வீடு பூட்டியிருந்தது. நீ என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து, "பாப்பாவ வுட்டுட்டேம்மா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, தறிக்குழிக்குள் உன் காலடியில் என்னை உட்கார வைத்தாய்.

அம்மா அலறினாள். மனுஷக் குரல் அப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நீ மிதிகட்டையை மிதிக்க ஆரம்பித்தாய். நூல் இல்லாத வெறும் நாடாக் கட்டை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடியது. "நான் எத்தினி வாட்டி அடிக்கிறேன்னு எண்ணிக்கினே வா பாப்பா. சத்தமா எண்ணு!" எனக்கு இருபது வரைதான் தெரியும். இருபது வந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். நீ அழுதுகொண்டே அடித்துக்கொண்டிருந்தாய்.

சாயங்காலம் அப்பா வந்தார். பிள்ளை இல்லை, தறியில் இழைகள் அறுந்து கிடந்தன. அன்று நீ வாங்கிய அடியும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆறாவது படிக்கிற பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கதையின் முடிவைக்கூட வாயில் அடக்கி வைக்கத் தெரியாத நீ, இதை மட்டும் சாகிறவரை எப்படி அக்கா அடக்கி வைத்தாய்? சொன்னால் எல்லோரும் என்னைக் கேட்பார்கள், நான் கேட்டதெல்லாம் எனக்குத் திரும்ப வந்துவிடும் என்று பயந்தாயா? உன் பக்கம் பேச இருந்த ஒரே சாட்சி நான். என் மனசு அதைப் பூட்டி வைத்துவிட்டதே!

நாவலை முடித்த மறுநாள் காலை அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

"எதுக்கு இப்ப அந்தப் பேச்சு? உனக்கு வேற வேல இல்லியா?"

"அம்மா, அன்னிக்கு நான் பக்கத்து வூட்ல இல்ல. தறிக்குழியில இருந்தேன்."

"உன்ன வுட்டுட்டு வந்தேன்னு அவ சொன்னாளே."

"வூடு பூட்டிக்கினு இருந்துச்சும்மா. நீ கத்துறது எனக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் தறி போட்டா. என்ன எண்ணச் சொன்னா. நான் எண்ணிக்கினே இருந்தேன்."

அம்மாவின் கை நின்றுவிட்டது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷக் கோபத்தை ஒரு நொடியில் யார் கீழே போடுவார்கள்? முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"அவளும் கொழந்ததானே பாப்பா. அவ காத யாரு பொத்துனா?"

அதற்கப்புறம் அம்மா அழுத அழுகை, உன் சாவில்கூட அழாத அழுகை. அதைக் கேட்க நீ இல்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு வருஷம் முன்னால் அந்தப் பாழும் நாவலை நான் முதலில் எடுத்திருக்கக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் தாமலுக்கு, உன் வீட்டுக்கு, கூட்டிப் போகிறேன். அவளே கேட்டாள். அம்மாவைப் பெற்ற ஆயா ஏன் தங்கள் வீட்டில் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை என்று உன் மகள் என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். இந்தத் தடவை அம்மா சாப்பிடுவாள், நீ என்ன செய்தாய் என்பதை உன் மகளிடம் தன் வாயாலேயே சொல்லுவாள். பாதியில் குரல் உடைந்தால் மிச்சத்தை நான் சொல்வேன். இனி ஒன்றையும் மறக்க மாட்டேன் அக்கா, இது சத்தியம்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
பாப்பா