அந்த நோட்டை நீங்கள் தொலைக்கவில்லை

என் மயிலண்ணாவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நோட்டை நீங்கள் தொலைக்கவில்லை. உங்கள் ஞாபகத்தில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. நோட்டு இத்தனை நாளும் சேகரனிடம்தான் இருந்தது. நேற்று மூணாறிலிருந்து அதைக் கொண்டுவந்துவிட்டேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் கொஞ்சம் விளக்கியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாளையாரில் லாரிகளை எடைபோடும் மேடையில் உங்களுக்கு வேலை. லாரி வராத நேரமெல்லாம், நம்மில் யாரும் பார்த்திராத ரயில்களைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பீர்கள். விமானத்தில் இருப்பது போன்ற டர்பைன் எஞ்சின் வைத்த பயணிகள் ரயில்கள். வெளிநாடுகளில் சில வருடங்கள் பறந்தன, எண்ணெய் விலை ஏறியதும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அவற்றில் போனவர்களைத் தேடிப்பிடித்து, அகராதி பார்த்துப் பார்த்துக் கடிதம் போட்டீர்கள். வந்த பதில்களைத் தமிழாக்கி, பெட்டி பெட்டியாகப் படம் வரைந்து அந்த நோட்டை நிரப்பினீர்கள்.

நின்றுபோன வண்டிக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று ஒருநாள் கேட்டேன். நீங்கள் தலையை நிமிர்த்தாமலே சொன்னீர்கள்: "ஓடுனது கொஞ்ச நாளுதான் அம்மிணி. அதுக்காவ ஓடவே இல்லைன்னு ஆயிருமா?"

சேகரன் உங்கள் ஒரே ரயில் சிநேகிதர். கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், நம் வீட்டில் சாப்பிடுவார். நீங்கள் படுக்கையில் விழுவதற்குச் சில வாரம் முன்னால், படித்துவிட்டுத் தருகிறேன் என்று நோட்டை வாங்கிப் போனார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவரிடம் அதைக் கேட்டீர்கள். அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "போன மாசமே ஊட்டுல கொண்டாந்து குடுத்தனே மயில்சாமி. மறந்துட்டயா?"

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "மாத்திரை மயக்கமுங்ணா. எங்கயாச்சும் வெச்சிருப்பீங்க."

அன்றோடு உங்களை நீங்களே நம்புவதை விட்டுவிட்டீர்கள். காலையில் சாப்பிட்டோமா, இன்றைக்கு என்ன கிழமை, எல்லாவற்றையும் என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டீர்கள். புத்தி கலங்கிப்போன மனிதனாக உங்களை எண்ணிக்கொண்டே கண்ணை மூடினீர்கள். நோட்டைத் திருடியதைக்கூட விட்டிருப்பேன் அண்ணா. இதை விட முடியுமா?

நீங்கள் போன பிறகும் ரயில் பிரியர்கள் சங்கத்திலிருந்து உங்கள் பெயருக்குத் தபால் வந்தது. மூணாறில் வருடாந்திரக் கூட்டம், டர்பைன் ரயில்கள் பற்றிச் சேகரன் எழுதிய புத்தகத்தின் வெளியீடு. நம் டிரங்குப் பெட்டியிலிருந்து உங்களுக்கு வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டு, உடுமலை வழியாக பஸ் பிடித்தேன்.

ஓட்டல் கூடத்தில் நிறைய பேர். சேகரன் மேடையில் நின்று, வாலிபத்தில் வெளிநாடு போய் அந்த ரயிலில் தானே பயணம் செய்ததாகச் சொன்னார். பிறகு வாசித்தார். எஞ்சின் எழும்பும்போது, நெல் மில்லில் உமி ஊதும் விசிறி வேகம் பிடிப்பது போன்ற ஓசையாம். அது நம் ஊர் மில் அல்லவா? தவிட்டு மூட்டையோடு என்னை அங்கே நிற்கவைத்து, இப்படித்தான் இருந்திருக்கும், கேள் என்று சொன்னது நீங்கள் அல்லவா?

எழுந்து, எந்த ஊரில் அந்த ரயிலில் ஏறினீர்கள் என்று கேட்டேன். ஓர் ஊரைச் சொன்னார். அது உங்களுக்குக் கடிதம் போட்ட கிழவர் ஏறிய ஊர். உங்கள் விலாசம் எழுதிய உறையோடு அந்தக் கடிதத்தைச் சங்கத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் அதை உரக்க வாசித்தார். உட்கார்ந்த இருக்கையின் எண் வரைக்கும் புத்தகத்தில் இருந்தபடியே இருந்தது.

சேகரன் மேடையை விட்டு இறங்கி என் பக்கத்தில் வந்தார். "அம்மிணி, எம்பட பொண்ணு முன்னால உக்காந்திருக்குது. வெளிய போயிப் பேசிக்கலாமுங்க."

"ஆஸ்பத்திரில எங்கண்ணங்கிட்ட என்ன சொன்னீங்கன்னு மைக்குல சொல்லுங்க," என்றேன். "அப்பறம் போலாம்."

நான் நகரவில்லை. கடைசியில் மேடையேறி மைக்கைப் பிடித்தார். "குடுத்துட்டேன்னு பொய் சொன்னேன். மயில்சாமி அதை நம்பிட்டான்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். உங்களிடம் மறைக்க மாட்டேன், எனக்கு இனித்தது. மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்கு அவளே வந்து, அப்பாவின் பையிலிருந்து எடுத்த நோட்டை நீட்டினாள். அழுதிருந்தாள். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வாங்கிக்கொண்டு ஏறிவிட்டேன். அது தப்பா அண்ணா?

அவர் சொன்ன பொய்க்கு ஊரறியத் தலைகுனிய வைத்தேன். பக்கத்தில் நின்று ஆமாம் போட்ட என்னை என்ன செய்வது?

சேகரன் என்றாவது மன்னிப்புக் கேட்டு வருவார். கொடுக்க மாட்டேன். கொடுத்திருக்க வேண்டியவர் நீங்கள், நீங்களோ இப்போது உயிரோடு இல்லை. நோட்டு உங்கள் பெயரில் அச்சாகும். ஆஸ்பத்திரியில் நடந்ததை அவர் பெயரோடு முதல் பக்கத்தில் எழுதுவேன், நான் சொன்னதையும் சேர்த்து. முதல் பிரதி அவர் வீட்டுக்குத்தான் போகும். நானே கொண்டுபோய்க் கொடுத்து, அந்தப் பக்கத்தை அவர் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம்.

அன்று உங்களை நம்பாமல் போன,
உங்கள் தங்கை
சரசு