ஓல்மெடேராவில் தண்ணீர் கிடைக்கும்

ஜூன் 24, 2025, செவ்வாய்

காலையிலிருந்து ஸ்பெயின் மலையில் ஏறி இறங்கியதில் முதுகு விட்டுப்போய்விட்டது. நாற்காலியை விட்டு எழுந்தது சாப்பிட மட்டும்தான்.

ஓசூர் பாகலூர் ரோட்டில், டயர் கடைக்கு மேல்மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து வெளிநாட்டு சைக்கிள்காரர்களுக்கு வழித்தாள் தயாரிக்கிறோம் என்று சொன்னால் எங்கள் ஊத்தங்கரைப் பக்கம் எவரும் நம்புவதில்லை. நான் கடைசியாக ஓட்டியது பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள். அதுவும் நூறடிக்கு ஒரு தரம் செயின் கழன்றுகொள்ளும். அந்த சுகுணாதான் இப்போது எவனோ ஒருவனுக்கு "இந்த இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள்" என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். கொழுப்புதான்.

மேலிருந்து எடுத்த படம், சாலையோரப் படம் இரண்டையும் பார்த்து எங்கே ஏற்றம், எந்த வளைவில் மணல், எந்த ஊரில் தண்ணீர் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். தண்ணீர்க் கட்டத்துக்கு மட்டும் முதலாளி சௌந்தரராஜன் சார் ஒரு விதி வைத்திருக்கிறார். படத்தில் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

இன்று ஓல்மெடேரா என்று ஓர் ஊர். படம் எடுக்கிற கார் அந்தச் சாலையில் போகவே இல்லை. போன் நம்பரும் கிடைக்கவில்லை. மேலிருந்து எண்ணினேன். முப்பத்திரண்டு கூரை, ஒரு சர்ச். முப்பத்திரண்டு வீடு இருக்கிற ஊரில் ஒரு பெட்டிக்கடை இல்லாமலா போகும்? எங்கள் பக்கம் பத்து வீடு இருந்தாலே பஞ்சாயத்து டேங்க் நிற்கும். அதுவும் இல்லையென்றால் எந்த வாசலில் நின்று கேட்டாலும் ஒரு சொம்பு தண்ணீர் தருவார்கள். சார் வேறு இன்றைக்குள் மூன்று வழி வேண்டும் என்று தலைமேல் நிற்கிறார். "தண்ணீர் கிடைக்கும்" என்று போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போனேன்.

ஜூன் 25, புதன்

மூன்றும் ஸ்பெயின் சுற்றுலாக் கம்பெனிக்கு அனுப்பியாயிற்று. சார் எல்லோருக்கும் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 7, திங்கள்

அந்த வழியில் நேற்று ஒருவர் கிளம்பிவிட்டார். ஹென்ரிக், நெதர்லாந்து, அறுபத்து நாலு வயது, ஓய்வு பெற்ற தச்சர். தனியாகத்தான் போகிறார். அவர் சைக்கிளில் ஒரு கருவி இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் இருக்கும் இடம் எங்கள் திரையில் நீலப் புள்ளியாக விழும். பேச முடியாது, ஆபத்து என்றால் அழுத்த ஒரு சிவப்புப் பொத்தான், அவ்வளவுதான்.

ராத்தங்கிய விடுதியிலிருந்து ஒரு செய்தி போட்டிருந்தார். நான் சொன்ன வளைவில் சொன்னபடியே மணல் இருந்ததாம். "இதை எழுதியவர் இந்தச் சாலையில் பலமுறை ஓட்டியிருக்க வேண்டும். அவருக்கு என் நன்றி."

பக்கத்து நாற்காலி முனிவேல் படித்துவிட்டு, "அக்கா, எப்போ போயிட்டு வந்தீங்க? சொல்லவே இல்ல" என்றான். எல்லோரும் சிரித்தோம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஜூலை 9, புதன்

எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மூன்று ஐம்பதுக்கு ஹென்ரிக் ஓல்மெடேரா போய்ச் சேர்ந்தார். அங்கே நடு மதியம், முப்பத்தொன்பது டிகிரி. அதற்கு முன் நாற்பத்தொரு கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது. புள்ளி ஊருக்குள் நாற்பது நிமிடம் அங்கும் இங்கும் அலைந்தது. ஊரைச் சுற்றிப் பார்க்கிறார், போட்டோ எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். முனிவேலிடம்கூடச் சொன்னேன். நன்றாக ரசிக்கிறார் மனுஷன் என்று. அப்படியே சொன்னேன்.

பிறகு ஏற்றத்தில் கிளம்பினார். ஆறு கிலோமீட்டர். ஐந்தேகாலுக்குப் புள்ளி நின்றது.

முதலில் நிழலில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். ஐந்தே முக்காலுக்கும் அங்கேயேதான். மேலிருந்து எடுத்த படத்தைத் திறந்தேன். அந்த இடத்தில் ஒரு மரம் இல்லை. அப்புறம்தான், ஏன் என்று தெரியவில்லை, ஓல்மெடேராவை இழுத்துப் பெரிதாக்கினேன். ஒரு கூரைக்கு நடுவே மரம் நிற்கிறது. முற்றத்து மரம் என்று அன்றைக்கு நினைத்தேன். முற்றமில்லை. கூரையைப் பிளந்துகொண்டு வந்திருக்கிறது. அடுத்த வீட்டில் கூரை இடிந்து, சுவரின் நிழல் வீட்டுக்குள்ளேயே விழுகிறது. ஒரு வண்டி இல்லை. கொடியில் ஒரு துணி இல்லை. ஆள் இல்லாத ஊர். அப்படியும் ஊர் இருக்குமா? எனக்கு யாரும் சொல்லலியே — கேட்டேனா நான்?

ஸ்பெயின் கம்பெனிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது தடவை எடுத்தார்கள். வேன் வேறொரு குழுவோடு இருக்கிறது, வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அவசர உதவிக்கும் சொல்கிறோம் என்றார்கள், ஆனால் அந்தப் பக்கம் காட்டுத்தீ, எல்லோரும் அங்கே. அவர்களுடைய அவசர எண் 112 என்று வழித்தாளில் நானே எழுதியிருந்தேன். என் போனில் அதை அடித்தேன். நம்ம ஊர்க் கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெண் எடுத்தாள். நான் ஏதோ உளறினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள், "ஓல்மெடேரா எந்த ஸ்டேஷன் லிமிட்டுங்க?"

தப்பு அவள் மேல் இல்லை. நான் போனை வைத்துவிட்டுப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய? எட்டாயிரம் கிலோமீட்டர். என் பாட்டிலில் முக்கால் பாட்டில் தண்ணீர் இருந்தது. அதைப் பார்க்கவே முடியவில்லை. முனிவேல் எடுத்து மேசைக்கு அடியில் வைத்தான்.

ஏழு நாற்பதுக்கு வேன் போய்ச் சேர்ந்தது. உயிர் இருக்கிறதாம். நினைவு இல்லை.

வீட்டில் என் வீட்டுக்காரர் சிவராஜ் ஷிப்டு முடிந்து வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மொதல்ல கொஞ்சம் தண்ணி குடி" என்றார். என்ன தெரியும் இந்த மனுஷனுக்கு! கத்திவிட்டேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஜூலை 10, வியாழன்

அந்தச் சிவப்புப் பொத்தானை ஏன் அழுத்தவில்லை?

ஜூலை 12, சனி

இன்று காலை இறந்துவிட்டார்.

ஜூலை 14, திங்கள்

ஸ்பெயினிலிருந்து விசாரித்திருக்கிறார்கள், தண்ணீர் உண்டு என்று யார் போட்டது என்று. நாங்கள் ஆறு பேரும் கம்ப்யூட்டரில் ஒரே பெயரில்தான் உள்ளே நுழைகிறோம், அதனால் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. சாருக்குத் தெரியாமல் இல்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார வைத்தார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "நான்தாம்மா அவசரப்படுத்துனேன். உன்னைச் சொல்ல மாட்டேன். நீ வாயைத் தெறக்காத. ஆறு குடும்பம் இதுலதான் ஓடுது" என்றார். பழைய வரைபடத்தின் தவறு என்று பதில் போகிறது.

வேன் ஓட்டுநரின் அறிக்கையையும் படிக்கக் கொடுத்தார். ஹென்ரிக்கின் இரண்டு பாட்டிலும் காலி. கேமராவில் அன்றைக்கு ஒரு படமும் இல்லை. வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது, விழுந்த காயம்போல் இல்லை என்று எழுதியிருக்கிறார்.

சாருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த நாற்பது நிமிடமும் மனுஷன் கதவு கதவாகத் தட்டியிருக்கிறார்.

பொத்தானை ஏன் அழுத்தவில்லை என்பதும் தெரிந்துபோயிற்று. தாளில்தான் தண்ணீர் கிடைக்கும் என்று இருக்கிறதே. அடுத்த கதவில் கிடைக்கும், இல்லாவிட்டால் ஏற்றம் தாண்டி அடுத்த ஊரில் கிடைக்கும் என்று நினைத்திருப்பார்.

ஜூலை 17, வியாழன்

முப்பத்திரண்டு கதவு. எண்ணியது நான்தானே.

ஜூலை 28, திங்கள்

ஹென்ரிக்கின் மனைவி மார்லீன் எழுதியிருக்கிறார். கம்பெனி வழியாக எங்களுக்கு வந்தது. கணவர் கடைசியாகப் போன வழியின் பதிவு வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார். சார் சொல்லி நான்தான் புள்ளிகளைக் கோத்து அனுப்பினேன். நன்றி சொல்லிவிட்டுக் கேட்கிறார்:

"அந்தச் சின்ன ஊரில் நாற்பது நிமிடம் இருந்திருக்கிறார். அவருக்குப் பழைய வீடுகள் என்றால் உயிர். கதவு, ஜன்னல் மரவேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அதைத்தான் செய்துகொண்டிருந்தார், இல்லையா? நீங்கள் அந்தச் சாலையை நன்றாக அறிந்தவர் என்று என்னிடம் போனில் சொன்னார். அதனால் உங்களைக் கேட்கிறேன்."

சார் இரண்டு தடவை படித்தார். "ஆமான்னு ஒரு வரி எழுதிரும்மா. அந்தம்மாவுக்கு ஆறுதலா இருக்கும். நமக்கும் பிரச்சினை இல்ல."

எழுதிவிடலாம். ஒரே ஒரு சொல். ஜூன் மாதம் அந்தக் கட்டத்தில் போட்டதும் இரண்டே சொல்தான்.

சிவராஜிடம் முழுவதும் சொன்னேன், முதல் தடவையாக. "உண்மையச் சொன்னா அந்தம்மாவுக்கு வலிக்கும். சொல்லாட்டி ஒனக்கு. எதுன்னு நான் எப்புடிச் சொல்றது?" என்றார். யாருக்குத்தான் தெரியும்?

ஜூலை 30, புதன்

மார்லீனுக்குப் பதிலைக் கம்பெனி வழியாகவே அனுப்பிவிட்டேன். சாரிடம் காட்டவில்லை. நான் அந்தச் சாலைக்குப் போனதே இல்லை, ஓசூர் என்ற ஊரில் ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீர் கிடைக்கும் என்று எழுதியது நான், உங்கள் கணவர் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன் என்றெல்லாம் எழுதினேன். கீழே என் பெயர்.

செய்தது சரியா? என் மனப்பாரத்தை இறக்க அந்தம்மா தலையில் தூக்கி வைத்துவிட்டேனோ? அவரிடம் மிச்சமிருந்தது அந்த நாற்பது நிமிடம்தான். அதையும் பிடுங்கிக்கொண்டேனோ?

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஸ்பெயின் கம்பெனி ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டது. சார் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. முனிவேலும் இன்னும் இரண்டு பேரும் வேறு வேலை தேடுகிறார்கள். படியில் எதிரில் வந்த முனிவேல், அக்கா என்று கூப்பிடாமல் போனான்.

செப்டம்பர் 18, வியாழன்

சிப்காட்டில் ஒயர் கம்பெனியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ஒவ்வொரு ஒயராகக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். பார்க்காமல் எதற்கும் டிக் போட முடியாது. மார்லீனிடமிருந்து பதில் இல்லை. பழைய மெயிலைத் தினமும் திறந்து பார்க்கிறேன்.

இன்று வார விடுமுறை. காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். கேஸ் போடுகிற வெங்கடப்பன், தோளில் சிலிண்டரோடு நிற்கிறார். எப்போது சமையலறைக்குப் போனேன், எப்போது மொண்டேன் என்றே தெரியவில்லை. சொம்பை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். சிலிண்டரை இறக்கக்கூட விடவில்லை.

"அவர் தண்ணி கேக்கவே இல்லியே சுகுணா. நேத்து கொரியர்காரனுக்கும் இதேதான் பண்ணுன" என்றார் சிவராஜ், உள்ளேயிருந்து.

வெங்கடப்பன் என்னைப் பார்த்தார். சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, சொம்பை வாங்கி, அண்ணாந்து முழுவதும் குடித்தார்.