குதிரை வீடு

4.3.83 வெள்ளி
கடும் வெயில். கிணற்றுத் தண்ணீர் உவர்க்கத் தொடங்கிவிட்டது.

நாளை யாழ்ப்பாணத்தில் நகர ஆசிரியர்களுடன் சதுரங்கப் போட்டி. தீவகத்துக்கு நான்கு பேர். நான்காவது ஆள் நான், ஒருவருக்குக் காய்ச்சல் வந்த புண்ணியத்தில். அணித் தலைவர் ந. மாஸ்டர் ஓய்வறையில் சொன்னது காதில் விழுந்தது: "ஆளில்லாததுக்கு ரீச்சரைக் கூட்டிக்கொண்டு போறம். தோத்தா இனி இடம் கேக்க மாட்டா." பற்றிக்கொண்டு வந்தது.

எதிராளி ராணிச் சிப்பாயில் தொடங்கினால், இரண்டாவது நகர்த்தலிலேயே என் ராசாச் சிப்பாயைப் பலி கொடுப்பதாக முடிவு. இரவல் புத்தகத்தில் படித்தது. சரிவந்தால் அணியில் இடம். இல்லையென்றால் மானம் கப்பலேறும்.

நீலச் சேலை. மோர்ப் போத்தல். குடை.

5.3.83 சனி
முதல் பஸ். பண்ணைப் பாலத்தில் நல்ல காற்று, தலை முழுக்கக் கலைந்தது.

எங்களுக்கு ஒரு வெற்றி, ஒரு சமநிலை, ஒரு தோல்வி. தோற்றது ந. மாஸ்டர்! என் ஆட்டம்தான் மிச்சம். எல்லாரும் என்னைச் சுற்றி.

எதிரே ஒரு கணித மாஸ்டர். ராணிச் சிப்பாய்தான். பலி கொடுத்தேன். சிரித்தபடி எடுத்தார். பிறகு மந்திரியையும் கொடுத்தேன், அதையும் எடுத்தார். அதற்குள் என் இன்னொரு சிப்பாய் உள்ளே புகுந்து, கடைசி வரிசையில் நின்ற அவருடைய குதிரையை வெட்டி, அங்கேயே ஏறிவிட்டது.

எங்கள் வீட்டில் சட்டம் இப்படி: எந்தக் காயின் வீட்டில், அதாவது அது தொடக்கத்தில் நிற்கும் கட்டத்தில், ஏறுகிறதோ, சிப்பாய் அந்தக் காயாகத்தான் மாறும். ஏறியது குதிரை வீடு. குதிரையை வைத்தேன்.

"ராணி வேண்டாமோ?" கணித மாஸ்டர், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

என்ன கேட்கிறார் என்றே விளங்கவில்லை. தலையாட்டினேன்.

குதிரையால் ராசாவுக்குச் செக். அவர் முகம் கறுத்தது. கோட்டையால் குதிரையை வெட்டினார். என் மற்ற மந்திரி பாய்ந்து மறுபடி செக். ராசா விலக, பின்னால் நின்ற ராணி எனக்கு. எழும்பிக் கை கொடுத்தார்.

பஸ்ஸில் ஒரே சத்தம். "ரீச்சற்ர குதிரை!" நான் சன்னல் பக்கம் பார்த்தபடி.

6.3.83 ஞாயிறு
மோதகம் அவித்தோம்.

அந்தக் கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. போட்டியில் தந்த சட்டப் பிரதியைப் பார்த்தேன். ராணி, கோட்டை, விரும்பியது எதுவும் எடுக்கலாமாம்! பலகையை விரித்து ராணியை வைத்துப் பார்த்தேன். அவர் முதலில் ராணிக்கு ராணி வெட்டியிருப்பார், அடுத்து என் புது ராணியைக் கோட்டை தின்றிருக்கும். அவ்வளவுதான் நான்.

தப்பினேன். அப்பாடா! குசினியில் அடுப்புக்கு முன்னால் தனியே நின்று சிரித்தேன். அம்மா: "என்னடி, விசரே?"

7.3.83 திங்கள்
ஓய்வறை. அடுத்த போட்டிப் பட்டியல், என் பெயர் இரண்டாவது. ந. மாஸ்டர் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "ரீச்சர், அந்தக் குதிரை வரைக்கும் முந்தியே யோசிச்சனீரோ?"

பொய் வாயில் வரவில்லை.

"இல்லை மாஸ்டர். அது குதிரை வீடு எண்டு வைச்சனான். ராணியும் எடுக்கலாம் எண்டு எனக்குத் தெரியாது."

பெயரை வெட்டப் போகிறார் என்று அவர் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். குனிந்தார்.

"அப்ப... ராணியும் எடுக்கலாமோ?"