நாலு வீட்டு நெருப்பு

சேசு மரி சூசை துணை

நெப்ராஸ்கா,
அக்டோபர் மாதம், 1883

அன்பு மகள் டீலியாவுக்கு,

இங்கே நானும் பசுவும் நரி விட்டுவைத்த கோழிகளும் சுகம். நீ சுகமா என்று கேட்பதோடு, உன் அம்மா சுகமா என்றும் இந்தத் தடவை உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இது வந்து சேரும்போது அவள் பாஸ்டனில் உன் எதிரில் உட்கார்ந்து, பகலில் எதற்கு விளக்கு என்று உன்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். ரயிலில் ஏதாவது சாப்பிட்டாளா, சால்வையைத் தொலைக்காமல் வந்தாளா, என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா, மூன்றுக்கும் பதில் எழுது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, நீதான் வாசித்துக் காட்டுவாய், அதனால் முதல் தடவை தனியாக வாசித்துவிடு. எதைச் சொல்வது, எதை விடுவது என்று நீயே பார்த்துக்கொள். நான் ஏதோ சில குளிர்காலம் பள்ளிக்கூடம் போனவன், அதிலும் பாதி நேரம் வாத்தியார் என்னை அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், அப்போதே என் கையில் அடுப்பு அணைந்துவிடும்.

அவளை ஏன் இப்படித் திடீரென்று ரயிலேற்றிவிட்டேன் என்று நீ யோசிப்பாய். வின்னி போய்விட்டாள், அதுதான் விஷயம். அவள் புருஷன் கோல்மன் மேனியனுக்கு சிகாகோவில் வேலை கிடைத்தது, போன மாதம் குடும்பத்தோடு வண்டி கட்டிவிட்டான். நீ இங்கிருந்து கிளம்பியபோது நாலு வீட்டிலும் புகை வந்தது, உனக்கு நினைவிருக்கும். வால்ஷ் போனான், ஜாய்ஸ் போனான், இப்போது மேனியனும் போய் நாங்கள் மட்டும் மிச்சம். சர்க்கார் ஆளுக்கு நூற்றறுபது ஏக்கர் கொடுத்து, அவரவர் நிலத்தில் வீடு கட்டி ஐந்து வருடம் குடியிருந்தால் உங்களுக்கே சொந்தம் என்றதும், கடல் தாண்டி கானமாராவிலிருந்து வந்த நாங்கள் நாலு பேரும் என்ன செய்தோம்? நாலு நிலமும் முட்டுகிற மூலையைத் தேடிப்பிடித்து, அங்கே புல்மண் கட்டிகளை அடுக்கி, வாசலோடு வாசல் பார்க்கிற மாதிரி நாலு வீட்டையும் கட்டினோம். ஒரு வீட்டில் தும்மினால் மறு வீட்டில் ஆண்டவர் காக்கட்டும் என்று சொல்லும் தூரம். தண்ணீர் ஓடை நிலத்தின் அந்தக் கடைசியில். ஓடைக்கரையில் இருக்கும் நார்வேக்காரன் ஆஸ்மண்ட் வந்து எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீர் அங்கே இருக்க இந்த வறண்ட மூலைக்கு ஏன் வந்தீர்கள் என்று பாதி கையாலும் பாதி வாயாலும் கேட்டான். அதற்குக் கோல்மன், தண்ணியைத் தூக்கிட்டு வந்துரலாம்யா, பக்கத்து வீட்டைத் தூக்கிட்டு வர முடியுமா என்றான். நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இந்தப் புல்தரை மண்ணை ஊரில் அடுப்பெரிக்கச் சதுப்பு மண்ணை வெட்டுவது போல வெட்டிக் காயவைத்து, எரியும் எரியும் என்று அந்த முதல் குளிர்காலம் முழுக்க ஊதிக்கொண்டிருந்த கூட்டம் நாங்கள். எங்கள் சிரிப்புக்கு என்ன மதிப்பு என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

வின்னி கிளம்புகிற அன்று காலையில் தன் அடுப்புக் கங்குகளையெல்லாம் இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டு வந்து நம் அடுப்பில் கொட்டினாள். ஊரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் செய்வதுதான், திரும்பி வரும்வரை நெருப்பு பக்கத்து வீட்டில் இருக்கட்டும் என்று. வால்ஷ் வீட்டுக்காரியும் ஜாய்ஸ் வீட்டுக்காரியும் அப்படித்தான் கொட்டிவிட்டுப் போனார்கள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன் நெருப்பு இங்கதான் இருக்கு வின்னி, நீ எப்ப வந்தாலும் அள்ளிட்டுப் போ என்றாள். வின்னி, நான் எங்கடி வரப்போறேன் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினவள், திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து உன் அம்மாவுக்கு வேறு வேலை இல்லை. ஊரில் என்றால் சாம்பலைப் போட்டு மூடி, மாதாவையும் புனித பிரிஜித்தம்மாளையும் கூப்பிட்டு ஒரு செபம் சொன்னால் கங்கு விடியும்வரை தூங்கும். இங்கே எரிப்பது முறுக்கிய புல்லும் வரட்டியும், மணி உதிர்த்த சோளக்கதிரும். கண்ணை மூடித் திறப்பதற்குள் அணைந்துவிடும். சாமியார் வந்து பூசை வைத்த அன்றுகூட அவள் வரவில்லை. நாலு வீட்டு நெருப்பு, யாரு பாத்துக்குவாங்க என்று என்னை மட்டும் அனுப்பிவிட்டாள். காலையில் எழுந்ததும் வாசலில் போய் நின்று எதிரில் வின்னி வீட்டுப் புகைபோக்கியைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு உள்ளே வருவாள். கேட்டால் வானத்தைப் பார்த்தேன் என்பாள். பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. நான் சொன்ன வேடிக்கைக்கெல்லாம் சிரித்தாள், அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது, முப்பது வருடமாக என் வேடிக்கைக்கு அவள் சிரித்ததே கிடையாது.

அப்போதுதான் நான் ஒரு காரியம் செய்தேன். இதை அவளுக்கு வாசித்துக் காட்டாதே, அவளுக்கே தெரியும். அவள் எழுவதற்கு முன்னால் ஒரு சட்டியில் கங்கு எடுத்துக்கொண்டு வின்னி வீட்டுக்குள் போய், அங்கே அடுப்பை மூட்டினேன். புகைபோக்கியில் புகை வந்தால் அவள் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை, என் நினைப்பு எப்போதும் பாதி வழியில் நின்றுவிடும் என்று உனக்குத் தெரியுமே. அவள் வெளியே வந்தாள், புகையைப் பார்த்தாள், வின்னீ என்று கத்திக்கொண்டு தலையில் துணிகூட இல்லாமல், செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தாள். கதவைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே நான், முட்டி போட்டு, முகமெல்லாம் கரியோடு. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வின்னியின் மேசை இருந்த இடத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தபடியே, ஃபெஸ்டஸ், நீ நல்ல மனுசன்தான், ஆனா நீ வின்னி இல்ல என்றாள். அவளை உன்னிடம் அனுப்புவதென்று அன்றே முடிவு செய்துவிட்டேன். நீ போன கடிதத்தில் இருவரும் வாருங்கள் என்று எழுதியிருந்தாய். இருவராலும் முடியாது மகளே. இன்னும் ஒரு விளைச்சல் இங்கே இருந்து காட்டினால்தான் நிலம் நம் பெயருக்கு வரும். என் அப்பனும் அவன் அப்பனும் அடுத்தவன் மண்ணில் குனிந்தே செத்தவர்கள். யாரும் வந்து வெளியே போ என்று சொல்லாத ஒரு துண்டு மண் வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், கிடைத்துவிட்டது. வெளியே போ என்று சொல்லவும் ஆள் இல்லை, உள்ளே வா என்று சொல்லவும் ஆள் இல்லை.

போகிறாயா என்றதும் மாட்டேன் என்றாள். நெருப்பு என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நீயா என்று ஒரு பார்வை பார்த்தாள். உட்காரவைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள், வரட்டியை எப்படி அடுக்குவது, சாம்பலை எவ்வளவு போடுவது என்று. பன்னிக்குக்கூடத் துணி தைக்கக் கத்துக்குடுக்கலாம், இந்த மனுசனுக்கு நெருப்பு மூடக் கத்துக்குடுக்க முடியாது என்று மாட்டிடம் முறையிட்டாள். சரி, நான் கற்றுக்கொண்டாலும் அவளை ரயிலடிக்குக் கொண்டுபோய் விட்டு வரும்வரை வீட்டில் யார் இருப்பது? கங்குகளைக் கொண்டுபோய்க் கொட்டப் பக்கத்து வீடு ஏது? கடைசியில் அவளேதான் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறி, ஓடைப் பக்கம் திருப்பு என்றாள். ஆஸ்மண்டின் வீட்டுக்காரி குன்வோருக்கும் இவளுக்கும் இத்தனை வருடத்தில் ஒரு பேச்சு கிடையாது. அவளுக்கு அவள் பாஷை, இவளுக்கு இவள் பாஷை, இங்கிலீஷ் இருவருக்கும் ஆகாது. அம்மா சட்டியை நீட்டினாள், அடுப்பைக் காட்டினாள், தன் நெஞ்சைக் காட்டினாள், கிழக்கே காட்டினாள். அந்தப் பெண் சட்டியை வாங்கி அப்படியே தன் அடுப்பில் கொட்டிவிட்டு, வெளியே வந்து அம்மாவின் சால்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிவிட்டாள்.

ரயிலடியைப் பற்றி எழுத மாட்டேன். அவள் ஜன்னலிலிருந்து, சாம்பலை நிறையப் போட்டுறாதே என்றாள், நான் சரி என்றேன், அவ்வளவுதான் பேசினோம்.

திரும்பி வருகையில் நெருப்பு வாங்க ஓடைக்கரையில் இறங்கினேன். குன்வோர் கங்கோடு ஒரு ரொட்டியும் கட்டி வைத்திருந்தாள். என்னவோ கேட்டாள், எனக்குப் புரியவில்லை. ஆஸ்மண்டுதான் தன் ஓட்டை இங்கிலீஷில் சொன்னான். அவ தெனமும் விடிஞ்சதும் வாசல்ல நின்னு உங்க பொகையைப் பாப்பா. மொதல்ல நாலு. அப்புறம் மூணு, ரெண்டு. இப்ப ஒண்ணு. அதுவும் நின்னுருமான்னு கேக்கறா. டீலியா, நான் சட்டியோடு அங்கிருந்து நம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நாலு வீட்டுக்கும் வாசலை உள்பக்கம் வைத்தோம். ஓடைப் பக்கம் வெறும் பின்சுவர், ஒரு பொந்துகூடக் கிடையாது. இத்தனை வருடம் அந்தப் பெண் நம் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள், நம் வீட்டுக்காரி காலியான வீட்டின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நடுவில் நான் கட்டிய சுவர். அதுவும் நன்றாகக் கட்டிவிட்டேன், வாழ்க்கையில் நான் கோணலில்லாமல் கட்டிய ஒரே சுவர் அது.

இதை மட்டும் அவளிடம் சொல். அவசரப்பட்டுச் சொல்லாதே, நன்றாகச் சாப்பிட்டுத் தேறட்டும். வா என்று நான் சொன்னதாகச் சொல்லாதே, நீ கல்யாணம் ஆகப்போகிற பெண், உன் கூடவே இருக்க அவளுக்கு ஆசை வந்தால் அது நியாயம்தான், அப்படியானால் நிலம் என் பெயருக்கு வந்ததும் நான் என்ன செய்வது என்று யோசிப்பேன், பாதி வழியில் நிற்காமல் யோசிப்பேன். ஆனால் ஓடைக்கரையில் ஒருத்தி கேட்டாள் என்று சொல். மண் உறைவதற்கு முன் பின்சுவரில் ஒரு ஜன்னல் வெட்டப்போகிறேன். அவள் வந்தாலும் வெட்டுவேன், வராவிட்டாலும் வெட்டுவேன்.

நீ குளிரில் வெறுங்காலோடு சமையலறையில் நிற்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே, அம்மாவை முன்வரிசையில் உட்காரவை, அவளுக்குப் பாட்டு கேட்க வேண்டும். மாதா உங்கள் இருவரையும் தன் சால்வைக்குள் வைத்துக்கொள்ளட்டும். உனக்கு வரப்போகிறவனுக்கும் என் ஆசீர்வாதம், அவனுக்கு அடுப்பு மூட்டத் தெரியுமா என்று முதலில் பார். கங்கு இதை எழுதும்வரை அணையவில்லை, இருமுறை அணையப்பார்த்தது, நான் ஊதி ஊதிப் புருவம் கொஞ்சம் போய்விட்டது, அதையும் அம்மாவிடம் சொல்லலாம். நாளைக் காலையில் நம் வீட்டில் புகை வரும். பார்க்க ஒருத்தி இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன்னையும் அம்மாவையும் நினைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் அப்பா,
ஃபெஸ்டஸ் கோய்ன்