ஜாமீன் படிவத்தில் அப்பாவின் தொழில்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? பெங்களூருல நான் நல்லா இருக்கேன்.

வாடகை வீட்டுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டீங்களே, அந்தப் படிவத்துல உங்க தொழிலை ‘ரிடையர்டு வாத்தியார்’னு நான்தான் எழுதினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல வாழை இலை விக்கிறவர்னு எழுதக் கை வரலை. வீட்டுக்காரம்மா போன்ல “வாத்தியார் சாரா?”ன்னு கேட்டப்ப, எனக்காக ஆமான்னுட்டீங்களாம். என்ன பாடம்னு கேட்டதுக்கு டக்குனு கணக்குன்னீங்களாம். அம்மாகிட்டகூடப் பொய் சொல்லாதவங்க நீங்க. வெக்கமா இருக்குப்பா.

வீட்டுக்காரம்மாகிட்ட உண்மையைச் சொல்லிட்டு, வேற படிவம் வாங்கி அனுப்பியிருக்கேன். தொழில்ங்கிற இடத்தை நீங்களே எழுதுங்க. திருப்பி அனுப்புறப்ப கவர்ல ரெண்டு இலையும் வைங்க. இங்க தனியா தட்டுல சாப்பிட்டு அலுத்துப்போச்சு.

ஆபீஸ் பஸ் வந்துடுச்சு.

இப்படிக்கு,
இலைக்கடை அற்புதசாமி மகள்
பிரான்சி