பஸ் கவிதைக்கு நான் எழுதிய பதில்

ரக்ஷா கண்ணு,

குக்கரில் பிசிபேளாபாத் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. ஐந்து மணிக்கு உன் தமிழ் மிஸ் வருகிறார். காபி போட்டுக் கொடு.

நேற்று அவர் போன் செய்ததும் அப்பா உன்னிடம், "இந்த வீட்ல உனக்கு என்னடி கொறைச்சல்?" என்று கத்தினாரே, நீ என்னைப் பார்த்தாய். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

வீட்டுப்பாடமாகக் கொடுத்த அந்த பஸ் கவிதையைப் படித்து உனக்கு என்ன தோன்றியது என்றுதான் மிஸ் கேட்டிருந்தார். நீ தமிழ் எழுதத் தடுமாறுவாய் என்று வழக்கம்போல நானே எழுதிக் கொடுத்தேன். "சில நாள் என் ஸ்டாப்பில் இறங்காமல் அப்படியே போய்விடத் தோன்றும்" என்ற வரி எப்படி வந்து விழுந்ததென்று தெரியவில்லை.

மிஸ்ஸிடம் உண்மையைச் சொல்லிவிடு. மார்க் போனால் போகட்டும்.

அப்பாவிடம் நானே பேசுகிறேன். கன்னட மீடியத்தில் படித்தவர், தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை ஃபிரிட்ஜில் ஒட்டுகிறேன்.

அம்மா

தயிர் புளித்துவிட்டது, புதிது வாங்கு.

முடிந்தால் ஆறரைக்கு நம் காக்ஸ் டவுன் ஸ்டாப்புக்கு வா. நீ நிற்பது தெரிந்தால் எனக்கு இறங்குவது சுலபமாக இருக்கும்.