அப்பா கூட்டிப் பார்த்த பகா எண்

சின்னவளே, அம்மா எழுதறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமா இருப்பேன்னு நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன்ல சொல்ல ஆரம்பிச்சா அழுதுடுவேன், அதான் கடிதம்.

பக்கவாதம் வந்து அஞ்சு மாசமாகியும் அப்பா வாயில ஒத்தை வார்த்தைக்கு மேல வரலைன்னு உனக்குத் தெரியும். பேச்சுப் பயிற்சி கொடுக்கறவங்க, இவருக்கு எண்கள்தான் பழக்கம்னா அதையே வாசிக்கச் சொல்லுங்கன்னாங்க. ரயில்வே கூட்ஸ் யார்டுல முப்பது வருஷம் வேகன் நம்பரைக் குறிச்சு, இலக்கத்தைக் கூட்டிச் சரிபார்த்த மனுஷனாச்சே. நீ கண்டுபிடிச்ச பகா எண்ணையே கொடுப்போம்னு தோணிச்சு, ஜெராக்ஸ் கடையில அச்செடுத்தேன். எட்டாயிரத்துச் சொச்சம் இலக்கம்! தினமும் ஜன்னல்கிட்ட உட்கார்ந்து ஒவ்வொண்ணா முணுமுணுத்துக்கிட்டே, இடது கையால கூட்டிக்கிட்டும் வந்தார். அடுத்து என்ன வரும்னு நானும் ஊகிச்சுப் பார்த்தேன், பத்துக்கு ஒண்ணு பலிச்சா பெரிசு.

பத்தொன்பதாம் நாள் கூட்டி முடிச்சார். 32,841. அதோட இலக்கங்களைக் கூட்டினா பதினெட்டு, மூணால மீதியில்லாம வகுபடுது. அப்படின்னா முழு எண்ணும் வகுபடும்னு சின்ன கிளாஸ்லயே படிச்சதுதானே. தன்னையும் ஒண்ணையும் தவிர எதாலயும் வகுபடாதுன்னு நீ சொன்ன எண்! அடுத்த மாசம் கணிதக் கூட்டத்துல இதை அத்தனை பெரியவங்க முன்னாடி படிக்கப் போறியே, உடனே உனக்குச் சொல்லணும்னு எழுந்தேன். அப்பா என் கையைப் பிடிச்சு உட்கார வச்சார். உதடு கோணி, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குத் திணறி, பொண்ணு சரி, தாள் தப்பு அப்படின்னார். அஞ்சு மாசத்துல முதல் முழு வாக்கியம்டி!

கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மெஷின்ல மாட்டின தாளையெல்லாம் போட்டு வைக்கற பெட்டியைத் துழாவினா, அன்னைக்கு மாட்டிக்கிட்ட நடுப் பக்கம் ஒண்ணு மடிஞ்சு கிடக்கு. வீட்டுக்குக் கொண்டு வந்தேன், அப்பா அதையும் சேர்த்துக் கூட்டினார், 39,593. மூணால வகுத்தா மீதி ரெண்டு. அப்பாடான்னு இருந்தது. அப்ப பகா எண்ணுன்னு உறுதியாச்சான்னு கேட்டேன், அவர் சிரிச்சுக்கிட்டே அது நம்மால ஆகற காரியமான்னு ரெண்டு கையையும் முடிஞ்ச மட்டும் விரிச்சார். மூணு போகலைன்னா ஏழு, பதினொண்ணு, பதிமூணுன்னு வகுத்துக்கிட்டே போனா, உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் சேர்ந்தாலும் முடியாது, வேற வழியில நிரூபிச்சேன்னு நீ அன்னைக்குச் சொன்னப்ப சும்மா ம் கொட்டினேன். இப்பத்தான் உறைக்குது. நீ அதை உண்டாக்கலை. நாம யாரும் பிறக்கறதுக்கு முன்னாடியே அது எதுக்கும் பிளவுபடாம இருந்திருக்கு, ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை, என் வயித்துல பிறந்தது போய்ப் பார்த்திருக்கு. நினைச்சா உடம்பெல்லாம் சிலிர்க்குது.

கூட்டத்துல படிக்கறப்ப அவசரப்படாதே, தண்ணி பக்கத்துல வச்சுக்கோ. எங்க ஆசி எப்பவும் உன் கூடவே இருக்கும், நல்லா வருவே. ஒண்ணு மட்டும் மறக்காதே, ஞாயித்துக்கிழமை போன்ல அப்பா வார்த்தை கிடைக்காம திணறினா நீ எடுத்துக் கொடுக்காதே. எவ்வளவு நேரமானாலும் காத்திரு, அவரே சொல்லிடுவார்.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கற,
அம்மா